ஏழாம் இரவு

முதலில் கேட்டது ஒரு விழுங்கல்.
பிறகு இன்னொன்று.
தூக்கத்தில் யாரோ ஊட்டிவிடுவது போல
ருவேன் விழுங்கிக்கொண்டே கிடந்தான்.

கனவில் ஐஸ் கிரீம் தின்கிறான் என்றிருந்தேன்.
டான்சில் எடுத்த நாளிலிருந்து அதுதானே சோறு.
சோளம் ஒரு நாள், டுரியான் ஒரு நாள்,
பிறகு எதுவும் வேண்டாமென்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

குளிர்பெட்டிக் கதவில்
ஆஸ்பத்திரி கொடுத்த தாள், மலாயில்.
நான்காவது வரி: அடிக்கடி விழுங்கினால்
உடனே கொண்டுவரவும்.
தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் பார்த்தேன்,
மின்சார பில்லைப் பார்ப்பது போல.

விளக்கைப் போட்டேன்.
தலையணை உறையில்
ஐம்பது சென் காசளவு ஒரு வட்டம்.
எழுப்பி உட்கார வைத்தேன்.
தப்புச் செய்தவன் மாதிரி என்னைப் பார்த்தான்.
பிறகு என் கை, சட்டை, மெத்தை எங்கும்
காப்பி மண்டியாய்க் கறுப்பு,
நடுவில்
ஒரு புதுச் சிவப்பு.

வசுந்தரி இரவு வேலை.
பாயான் லெப்பாஸில், தூசி புகாத அறையில்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில் நிற்கிறாள்.
கைப்பேசி லாக்கரில்.
அடித்தேன். மறுபடி அடித்தேன்.
பூட்டிய இரும்புக்குள் அது துடிப்பது
என் காதில் கேட்டது.

எங்கள் மாடியில் லிப்ட் நிற்காது,
ஒன்று இறங்க வேண்டும்.
இருபத்தொரு கிலோ பிள்ளை.
போன வாரம்தான் நிறுத்தார்கள்,
மயக்க மருந்துக் கணக்குக்கு.

எதிர்வீட்டுத் தியோங் கிராப் ஓட்டுகிறவர்.
பனியனோடு வந்தார்.
இருக்கையில் துண்டு விரிக்கப் போனேன்.
"தக் பாயா லா" என்றார்.
ஜெலுத்தோங்கிலிருந்து கிரீன் லேன் ஏறும்வரை
மூன்று சிவப்பு விளக்கு.
எதற்கும் அவர் நிற்கவில்லை.
மீ கோரேங் கட்டி வந்த பையை விரித்துப் பிடித்து
துப்பு, விழுங்காதே, துப்பு என்றேன்.
எட்டு வருஷமாய் சோற்றுத் தட்டோடு பின்னாலேயே ஓடி
துப்பாதே, விழுங்கு என்ற அதே வாய்.

"எவ்வளவு போயிருக்கும்? ஒரு கோப்பை?"
மிஸ்ஸி கேட்டாள்.
எந்தக் கோப்பை?
வீட்டுக் கோப்பைகள் எல்லாம்
வரிசையாய் வந்து நின்றன,
பிடி உடைந்தது உட்பட.

டாக்டர் நஸ்ரியாவுக்கு இருபத்தெட்டு இருக்கும்.
வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.
உறைந்த கட்டி ஒட்டியிருக்கிறதாம்,
அதன் அடியில் கசிகிறதாம்.
மறுபடி தியேட்டர்.
கையெழுத்துப் போடும்போது
காய்ந்த ரத்தத்தில் பேனா விரலோடு ஒட்டியது.

அப்போதுதான் சொன்னேன்.
மத்தியானம் முறுக்கு கொடுத்தேன், டாக்டர்.
ஒரே ஒரு கடி.
ஆசையாய்க் கேட்டான்.

"இந்த வாக்கில் பொருக்கு உதிரும், என்சிக்.
சிலருக்கு ரத்தம் வரும்.
முறுக்கால்தான் என்று
யாராலும் சொல்ல முடியாது."
முறுக்கால் இல்லை என்றும்
அவள் சொல்லவில்லை.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு.
இதைத் தாண்டத் தியோங்காலும் ஆகாது.
அவர் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்,
மைலோ டின் ஒன்றைத் திறக்காமல்
கைக்குக் கை மாற்றிக்கொண்டு.

ஏழே முக்காலுக்கு வசுந்தரி வந்தாள்.
நெற்றியில் முகமூடித் தொப்பியின் கோடு அப்படியே.
கட்டிலில் அவன், வெளுத்து, கையில் ஊசியோடு.
தலையைத் தடவினாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"நேத்து என்ன குடுத்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன்.
ருவேன் கண்ணைத் திறந்தான்.
பேசக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள்.
குச்சி பிடிப்பது போல் விரலை மடக்கி
ஒரு தரம் நக்கிக் காட்டினான்.
ஐஸ் கிரீம்.

பிறகு விழுங்கினான்.
இரண்டு பேரும் மூச்சை நிறுத்தி
அடுத்ததற்குக் காத்திருந்தோம்.